ஆராய்ச்சிப் படிப்பும் நம் பிழைப்பும்

எம்.எஸ்ஸி. இறுதியாண்டு மாணவரைக் கண்டு, "அடுத்து என்ன?" என்று கேட்பது இந்தப் பருவத்தில் இங்கிதம் ஆகாது. கேட்டால் வரும் விடை ஒன்றே: "எழுதிப் போட்டிருக்கிறேன்; இன்னும் முடிவு வரவில்லை." பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் மதிப்பெண், மே ஜூன் மாதங்களில் நேர்முகம், அதன் பிறகு மௌனம். மின்னஞ்சல் பெட்டியை நாளொன்றுக்கு நாற்பது முறை திறந்து பார்க்கிறோம். திறக்கும்தோறும் எவரோ ஒருவர் கடன் தருகிறேன் என்கிறார். நாம் கேட்ட இடத்திலிருந்து மட்டும் ஒரு வரியும் இல்லை. நம் விடுதியில் எனக்குத் தெரிந்தே இந்நிலையில் பதினொருவர் இருக்கிறோம்.

நம் மன்றத்தில் எல்லைப்புறத் தமிழர் மிகுதி. வாளையாற்றுக்கு இப்பால் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒரு சாரார். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மலைகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் மற்றொரு சாரார்; நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களின் எல்லை வகுக்கப்பட்டபோது என் பாட்டனார் கம்பத்திலிருந்து மலையேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் இரு சாராருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஆராய்ச்சிப் படிப்பு என்றால் என்ன, அதைப் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை. அவ்விஷயத்தை ஒருவாறு ஆராய்ந்து எழுதலாம் என்று துணிந்தேன். ஆறுதல் சொல்வது என் நோக்கமன்று. ஆறுதல் விடுதி அறைகளிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

முதலில், முடிவு ஏன் தாமதமாகிறது என்று பார்ப்போம். நம் தகுதியைத் தராசில் வைத்து இன்னும் நிறுத்துக்கொண்டே இருக்கிறார்களோ என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 ஆராய்ச்சி மாணவருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்குமே வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்றாண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிதாக எவரையும் சேர்க்கலாகாது. ஆகவே, நாம் விரும்பும் பேராசிரியரின் எட்டு இடங்களும் நிறைந்திருந்தால், தேர்வில் முதலாவதாக வந்தாலும் அவரிடம் இடம் இல்லை. அவருடைய பழைய மாணவர் ஒருவர் ஆராய்ச்சி நூலை ஒப்படைத்து வெளியேறினால் ஓர் இடம் பிறக்கிறது. அவர் அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருக்கும் வரையில் நாம் இங்கே மின்னஞ்சலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறோம்!

அயல்நாட்டுக்கு எழுதியவர்களின் காத்திருப்பு வேறு வகையானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன. உபகாரச் சம்பளத்துடன் இடம் பெற்ற மாணவர் ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லுமாறு வற்புறுத்தப்படக் கூடாது என்பது அதன் சாரம். ஆதலால், ஐந்து இடங்களில் அழைப்புப் பெற்ற ஒருவர் நான்கை அந்த வாரம் வரை கையில் வைத்திருக்கிறார். அவர் கைவிடும்போதுதான் காத்திருப்போர் பட்டியல் அசைகிறது. மார்ச்சில் பதில் வராதவர்க்கு ஏப்ரல் 16 அன்று வருவதன் மர்மம் இதுவே.

பணம் என்பது இன்னொரு காரணம். 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியைக் குறைக்க முற்பட்டபோது, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டப் படிப்புக்கான சேர்க்கையைச் சில காலம் நிறுத்தி வைத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரியோ, ஏற்கெனவே அனுப்பிய அனுமதிக் கடிதங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டது. எண்ணிப் பாருங்கள். பிப்ரவரியில் தகுதியுடையவர் என்று கடிதம் பெற்ற மாணவர் மார்ச்சில் தகுதியிழந்துவிட்டாரா? அவர் அதே மனிதர். அவருடைய கணக்கும் கருத்தும் அப்படியே இருந்தன. மாறியது கஜானா. நம் நாட்டிலும் 2024 ஜூன் 18 அன்று நடந்த யு.ஜி.சி. நெட் தேர்வு மறுநாளே ரத்தாயிற்று. ஜூன் 25 அன்று தொடங்க இருந்த சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு ஒத்திவைக்கப்பட்டு ஜூலை 25 முதல் 27 வரை நடந்தது. அந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் தங்களைத் தாங்களே நொந்துகொண்டார்களோ!

ஆக, நமக்கு வரும் முடிவு இடம், பணம், விதி ஆகிய மூன்றையும் பற்றிய செய்தியாகவே பெரும்பாலும் இருக்கிறது. நம்மால் விஞ்ஞானம் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அதில் விடை சிறிதே. இதை நான் வெறும் வாதமாகச் சொல்லவில்லை. நம் எல்லைப்புறத்திலேயே பிறந்த இருவர் வரலாற்றில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் பீர்மேட்டில் பிறந்தவர். மற்றவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர்.

பீர்மேட்டில் பிறந்தவர் அன்னா மணி அம்மையார். பிறந்த நாள் 1918 ஆகஸ்டு 23. தந்தையார் பொறியாளர், ஏலத்தோட்டங்கள் உடையவர். எட்டாம் பிறந்த நாளன்று வீட்டார் வழக்கப்படி வைரத் தோடு தர முன்வந்தபோது, தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய குழந்தை அவர். சென்னையில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று, 1940இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எவ்வாறு ஏற்கின்றன, எவ்வாறு திருப்பி உமிழ்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. மிகக் குளிர்ந்த நிலையில் கல்லை வைத்து, அதன் மங்கலான ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிப்பதற்குப் பதினைந்து இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல இரவுகள் கூடத்திலேயே தூங்கினார் என்பர். (தோடாக வேண்டாம் என்ற வைரத்துடன் ஐந்தாண்டு வாழ்ந்தது விந்தைதான்.) 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார்.

அக்காலத்தில் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை கிடையாது. ஆகவே 1945 ஆகஸ்டில் தம் ஆராய்ச்சி நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டது. அதற்குச் சொன்ன காரணம், அவர் எம்.எஸ்ஸி. பட்டம் பெறவில்லை என்பது. நூல் நன்றா தீதா என்பது அன்று கேள்வியே ஆகவில்லை. அந்நூல் இன்றும் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், பட்டம் பெற்ற மற்றவர்களின் நூல்களோடு ஒன்றாக இருக்கிறது. பட்டம் பெற்ற நூல் எது, பெறாத நூல் எது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொரு செய்தியையும் இதனுடன் சேர்த்துக் காண வேண்டும். 2022 நவம்பரில் வெளியான யு.ஜி.சி. விதிகளின்படி, நான்காண்டு இளங்கலைப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவர் எம்.எஸ்ஸி. இல்லாமலே டாக்டர் பட்டப் படிப்பில் சேரலாம். 1945இல் ஒருவருக்குப் பட்டத்தையே தடுத்த குறை, 2022இல் குறையாகவே கருதப்படவில்லை. விதி என்பது கடவுள் வகுத்ததன்று. ஒரு குழு கூடி ஒரு மாலையில் எழுதுவது.

அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் எவ்வாறு நடந்துகொண்டது என்பதும் அறியத் தக்கது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச ராமானுஜன், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜுக்கு ஹார்டி என்ற கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 8 தேதியிட்டு ஹார்டி பதில் எழுதினார். கப்பல் தபால் காலத்தில் அது மிக விரைவான பதிலே. நம் காத்திருப்போடு ஒப்பிட்டால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அது அன்று. ராமானுஜனுக்குக் கல்லூரிப் பட்டம் ஒன்றும் இல்லை. எனினும், அவ்வாண்டு மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டு ஆராய்ச்சி உதவித்தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வழங்கியது. வழங்குமாறு எழுதியவர்களுள் ஒருவர், சென்னைக்கு வந்திருந்தபோது அவருடைய கணக்குகளைப் பார்வையிட்ட கில்பர்ட் வாக்கர். அவர் அப்போது இந்திய வானிலை இலாகாவின் தலைவர். தாமே சிறந்த கணித அறிஞர். 1913இல் விதியை வளைக்க முடிந்த இடத்தில் 1945இல் முடியவில்லை. முன்னதில், வேலையை நேரில் பார்த்த பெரியவர் ஒருவர் பேனாவை எடுத்து எழுதினார். பின்னதில் பல்கலைக்கழகம் மனம் மாறும்படி எவருடைய சொல்லும் அமையவில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, பெரிய பெயருடையவரைத் தேடி ஓடுகிறோம். நம் கணக்கு நோட்டைப் பிரித்துப் பார்த்த ஆசிரியர் எவரோ, அவரிடமே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அன்னா மணி அம்மையார் பட்டத்துக்காகக் காத்து நிற்கவில்லை. அதே 1945இல் அரசாங்க உதவித்தொகை பெற்று லண்டன் சென்றார். பௌதிக ஆராய்ச்சியையே தொடர எண்ணிய அவருக்கு, கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயில்வதற்கானது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டார். 1948இல் திரும்பி வந்து, புனாவில் வானிலை இலாகாவின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி முதலியவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழி வகுத்தார். 1953இல் அப்பிரிவின் தலைவராகி, 121 ஆண்கள் அவருக்குக் கீழ் வேலை செய்தனர். 1957, 58இல் உலக நாடுகள் கூடிக் கொண்டாடிய பூகோளப் பௌதிக ஆண்டின்போது, நாட்டின் பல இடங்களில் சூரிய ஒளியின் ஆற்றலை அளக்கும் நிலையங்களை ஏற்படுத்தினார். 1980இலும் 1981இலும் வெளிவந்த அவருடைய சூரியக் கதிர்வீச்சு நூல்கள், இன்று கூரைதோறும் சூரிய மின்தகடு பொருத்துவோருக்கு முன்னோடி நூல்கள். 1976இல் ஓய்வு பெறும்போது இலாகாவின் துணைத் தலைமை இயக்குநர். 2001 ஆகஸ்டு 16 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். கடைசி வரை டாக்டர் பட்டம் இல்லை.

பட்டம் இல்லாமையால் தம் வாழ்வில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று அவர் பிற்காலத்தில் கூறியதாக அவரைக் கண்டு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அவர் வாழ்வைப் பொறுத்த மட்டில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால், நாம் அதை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியுமா? அவர் குடும்பத்துக்கு ஏலத்தோட்டம் இருந்தது. நம்மவர் பலருக்கு அத்தகைய தோட்டங்களில் கூலி வேலை இருந்தது. வழி மாறி நடக்கும்போது தடுக்கி விழுந்தால் தாங்கிக்கொள்ள ஒரு திண்ணை வேண்டும். அத்திண்ணை நமக்கு எது என்று கணக்குப் பார்க்காமல், பெரியோர் வரலாற்றைப் படித்துக் கண்ணீர் மல்குவது பயன் தராது.

கல்பாத்திக்காரர் வரலாறு இவ்வகையில் நமக்குச் சற்று நெருக்கமானது. கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் 1893 பிப்ரவரி 28 அன்று பிறந்தார். தந்தையார் வடமொழி அறிஞர், செல்வர் அல்லர். பாலக்காடு விக்டோரியாக் கல்லூரியிலும், பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த ராமநாதன், 1914இல் திருவனந்தபுரத்தில் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் சோதனைக்கூட விளக்குநராக வேலைக்குச் சேர்ந்தார். விளக்குநர் என்றால் மாணவர்க்குக் கருவிகளை எடுத்து வைத்துச் சோதனை காட்டுபவர். கல்லூரிப் படிக்கட்டில் கீழ்ப்படி. அப்படியில் ஏழாண்டு இருந்தார். 1921இல்தான் கல்கத்தாவுக்குப் போய் ராமனிடம் ஆராய்ச்சியில் சேர முடிந்தது. அப்போது அவருக்கு வயது 28. நமக்கு இருபத்து மூன்றிலேயே காலம் கடந்துவிட்டது போலத் தோன்றுகிறது!

1923இல், நீரின் வழியே ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கல் கீற்று எஞ்சி நிற்பதை அவர் கண்டார். நீரை எத்தனை முறை தூய்மை செய்தும் அது மறையவில்லை. அக்கீற்றே ஐந்தாண்டு கழித்து ராமன் விளைவு என்று உலகறிந்தது. அது உறுதிப்பட்ட நாள் 1928 பிப்ரவரி 28. நாடு முழுவதும் விஞ்ஞான தினமாகக் கொண்டாடும் அந்நாள் ராமநாதனின் முப்பத்தைந்தாம் பிறந்த நாள் என்பதைச் சொல்வார் யாருமில்லை. அன்று அவர் ராமனின் கூடத்தில் இல்லை. இடையில் ரங்கூனில் சிறிது காலம் கல்லூரி ஆசிரியராக இருந்துவிட்டு, 1925இல் வானிலை இலாகாவில் சேர்ந்துவிட்டார்.

இலாகா உத்தியோகத்துக்குப் போனவர் விஞ்ஞானத்தை விட்டுவிட்டார் என்று அன்றும் சிலர் எண்ணியிருப்பர். இன்றும் நம் துறையில், "வேலைக்குப் போய்விட்டான்" என்று இறந்தவரைப் பேசும் குரலில் பேசுகிறோம். ராமநாதனோ ஆக்ராவிலிருந்து மேலே விட்ட பலூன்களின் அளவைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். பூமத்திய ரேகைக்கு மேல், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில், அன்று அளந்தறிந்த காற்று மண்டலத்திலேயே மிகக் குளிர்ந்த காற்று ஒரு வளையம் போலக் கிடக்கிறது என்று 1929இல் எழுதினார். வெயில் கொளுத்தும் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, துருவத்தைவிடக் குளிர்ந்த காற்று! 1948இல் ஓய்வு பெற்றபின், விக்ரம் சாராபாய் ஆமதாபாத்தில் தொடங்கிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். அப்போது வயது 55. ஓசோன் ஆராய்ச்சியில் அவர் புகழ் பெற்றது அதன் பிறகும்தான். 1954 முதல் 1957 வரை உலகப் புவி அளவை, பூகோளப் பௌதிகச் சங்கத்தின் தலைவராக இருந்தார். அவர் பெயரால் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் வழங்கும் பதக்கத்தை 1987இல் பெற்றவர் யார் தெரியுமா? பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி.

இவ்விருவரும் வாழ்ந்த காலம் வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அன்று இலாகாக்கள் புதிதாக விரிந்தன, படித்தவர் குறைவு. இன்று ஒரு வாயிலில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். ஆனால் வாயில் ஒன்றே ஒன்றுதான் என்று நாம் நினைப்பது மட்டும் அன்றும் இன்றும் தவறு. 2022இல் வானிலை இலாகாவின் விஞ்ஞான உதவியாளர் வேலைக்கு 990 இடங்கள் அறிவித்தார்கள். பௌதிகத்தை ஒரு பாடமாகக் கொண்ட முதல் வகுப்பு இளங்கலைப் பட்டம் அதற்குப் போதுமானது. நம் துறையில் அதற்கு எழுதியவர் மூவர் என்று கேள்வி. மற்றவர்கள் அதை ஆராய்ச்சியாளர்க்கு இழுக்கு என்று ஒதுக்கினார்களாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் பெற்றவருக்கு, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய். பின் மூன்றாண்டு மாதம் 42,000 ரூபாய். ஐந்தாண்டுக்கும் கூட்டினால் 24 லட்சம். வீட்டு வாடகைப் படி தனி. உபகாரச் சம்பளம் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்குப் பல ஆண்டுகளாகத் தருவது மாதம் 8,000. அதே ஐந்தாண்டில் 4 லட்சத்து 80 ஆயிரம். ஒரே கூடம், ஒரே கருவி, ஒரே பேராசிரியர். பணத்தில் ஐந்து மடங்கு வேற்றுமை. அந்த 37,000மும் சில இடங்களில் மாதக் கணக்கில் தங்கித் தங்கி வருகிறது என்பதை ஆராய்ச்சி அண்ணன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

முடித்த பின் என்ன? உதவிப் பேராசிரியர் வேலைக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அந்த நாற்காலி காலியாகும் வரை கௌரவ விரிவுரையாளராக இருப்போரே மிகுதி. விரிவுரை ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000க்கு மேற்படாமல் தரலாம் என்று 2019இல் யு.ஜி.சி. வகுத்தது. அத்தொகை எல்லாக் கல்லூரியிலும் கைக்கு எட்டுவதில்லை. விடுமுறை மாதத்தில் ஒன்றும் எட்டுவதில்லை. மற்றொன்றும் கவனிக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் தேறியிருத்தலே குறைந்த அளவுத் தகுதி, டாக்டர் பட்டம் கட்டாயமன்று என்று யு.ஜி.சி. திருத்தியது. ஆகவே, கல்லூரியில் பாடம் சொல்லித் தர வேண்டும் என்பது மட்டுமே ஒருவர் விருப்பமானால், அதற்காக முதலில் ஐந்தாண்டு சோதனைக்கூடத்தில் அடைபட வேண்டியதில்லை. ஆராய்ச்சியில் ஆசை உள்ளவர்தான் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். சொல்லிப் பார்க்கும்போது இது எளிய உண்மையாகத் தோன்றுகிறது. நம்மில் பாதிப் பேர் வேறு ஒன்றும் தோன்றாததால் எழுதிப் போட்டிருக்கிறோம் என்பதும் உண்மையே.

மலையிலிருந்து வருவோர்க்கு இவை தவிரத் தனியாக ஒரு காத்திருப்பு உண்டு. அது சாதிச் சான்றிதழுக்கு. பட்டியல் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்த நாள் 1950 ஆகஸ்டு 10. அந்நாளுக்கு முன்பே இம்மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட முடியாத குடும்பத்துக்கு இம்மாநிலத்தின் ஒதுக்கீடு இல்லை. ஒரு மாநிலத்தில் உள்ள இவ்வுரிமை, குடிபெயர்ந்த மாநிலத்துக்குக் கூட வராது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த பாட்டனுக்கு 1950இல் பட்டா ஏது, ரசீது ஏது? எஸ்டேட்டின் பழைய பேரேட்டில் பெயர் இருந்தால் உண்டு. ஆனால் மத்திய அரசின் நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர், தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் கிடைத்த சான்றிதழைக் கொண்டு, தாம் வசிக்கும் இடத்து அதிகாரியிடம் சான்றிதழ் பெறுவதற்கு வழி உண்டு. இது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்து வாய்ப்பிழந்த நண்பர் ஒருவரை அறிவேன். அவர் கேட்ட அலுவலகத்திலும் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்னரே தாலுகா அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். கணிதத்தைவிட அது அதிக காலம் பிடிக்கும்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு இடங்களுக்கு எழுதினேன். நான்கும் காற்று மண்டலப் பௌதிகத்தில். ஏன் அத்துறை என்று நேர்முகத்தில் கேட்டார்கள். 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்ததையும், எழுபது பேர் மாண்டதையும், செய்தி வெளியே எட்டவே மறுநாள் காலை ஆனதையும் சொன்னேன். எஸ்டேட்டில் நாள் தவறாமல் மழையளவைக் குறித்து வைக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. எந்த அளவுக்கு மழை பெய்தால் எந்தச் சரிவு நிற்கும், எது நிற்காது என்று அந்த எண்களைக் கொண்டு கேட்க வேண்டும் என்றேன். ஒருவர் குறித்துக்கொண்டார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்கில் ஓர் இடம் இல்லை என்று எழுதிவிட்டது. ஒன்றில் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது. இரண்டில் மௌனம். அம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்றாண்டு இருக்கிறது. கொழுந்து எடுப்பது நின்றால் லயத்து வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்; ஆராய்ச்சிக்கோ ஐந்தாண்டு. 37,000 ரூபாய் என்பது அம்மாவின் மாதக் கூலியைப் போல இரு மடங்குக்கும் மேல். அது கிடைத்தால் அடிவாரத்தில் வாடகை வீடு பார்க்கலாம். ஐந்தாண்டும் ஒருவாறு ஓடும். 8,000 என்றால் ஓடாது. எனவே, உபகாரச் சம்பளத்துடன் இடம் வந்தால் போவேன்; அது இல்லாத இடத்துக்குப் பேர் பெற்ற பேராசிரியர் அழைத்தாலும் போகமாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். "சேர்ந்துவிட்டு அடுத்த நெட் எழுதலாமே" என்று மூத்தவர்கள் சிலர் கண்டிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கூரை அவர்களுடையது. வானிலை இலாகா மறுபடி ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்க வேண்டிய தாள்களையும் எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது, "மழையை அளக்கிற வேலையா? அதை இங்கே ஆபீஸ் பையன் செய்கிறானே" என்றார். பெருமையாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அழைப்புப் பெற்ற நண்பர்கள், சம்மதம் எழுதும் முன் அக்கூடத்தில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் மூன்று செய்திகளை விசாரிக்க வேண்டும். கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டு பிடித்தது? உபகாரச் சம்பளம் எந்த மாதம் வரை வந்திருக்கிறது? முடித்துப் போனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பேராசிரியரிடம் கேட்டால் அவர் தம் மிகச் சிறந்த மாணவரைப் பற்றியே பேசுவார், அது இயல்பு. மாணவரிடம், அதுவும் நான்காம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். தமிழர் ஒருவர் அங்கே இருந்தால் தொலைபேசியிலேயே முழுவதும் சொல்லிவிடுவார், நிறுத்துவதுதான் கடினம்.

இவ்வாண்டு விண்ணப்பத் தேதிகளையும், எந்தத் தேர்வின் மதிப்பெண் எத்தனை ஆண்டு செல்லும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, மன்ற அறையில் பத்திரிகை மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஜெஸ்ட் மதிப்பெண் ஓராண்டு, கேட் மதிப்பெண் மூன்றாண்டு. அயல்நாட்டுப் பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அங்கே எழுதிப் பார்த்தவர்கள் நிரப்பித் தருக. பேனா கட்டித் தொங்குகிறது.